ஒத்திகை நாளில் உள்ளே இருந்தவர்: உங்கள் வேலையிடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன நடந்தது?

பாயான் லைன் லீடர்:

தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தீ ஒத்திகையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சங்கு ஊதும், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும், லைன் லீடர் தலையை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். பினாங்கு, பாயான் லெப்பாஸில் என் வரிசையில் அன்று 42 பேர். 42 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உண்மையில் நான் எண்ணவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. காலை வருகைப் பதிவில் இருந்த எண்ணைத் தூக்கி அப்படியே எழுதினேன்.

பின்னால் நின்ற அக்கா ஒருவர், "அவர் எங்கே தம்பி?" என்று கேட்டார். பெயர்கூடச் சொல்லவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். சங்கு இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் எல்லாம் காலி. கடைசி மேசையில் அவர் மட்டும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் தட்டை நகர்த்துகிறார், வலது கையால் பழுதான சில்லில் சிவப்புப் புள்ளி வைக்கிறார், மறுபடியும் நகர்த்துகிறார். காது கேளாதவர். தஞ்சோங் பூங்காவில் 1954இல் தொடங்கிய பள்ளி இருக்கிறதே, அங்கே படித்தவர். ஏழு ஆண்டுகளாக என் வரிசையில் இருக்கிறார்.

தோளைத் தட்டினேன். திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். அடுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் வந்ததைத் தாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன, அந்தக் கண்களில் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற பார்வை.

முந்தைய ஒத்திகைகளில் எப்படி வெளியே வந்தார் என்று பிறகு விசாரித்தேன். பக்கத்து மேசைப் பெண் ஒவ்வொரு முறையும் தட்டி அழைத்துப் போயிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லிச் செய்த வேலை இல்லை அது. அந்தப் பெண் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். ஒத்திகை அறிக்கையில் "வெற்றி" என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

செந்தூல் பெண்:

எனக்குச் சக்கர நாற்காலி. கோலாலம்பூரில் ஒரு நல்ல கட்டடம், சாய்தளம், பெரிய மின்தூக்கி எல்லாம் உண்டு. என் மேசை பதினொன்றாவது மாடியில். எனக்கான கழிவறையும் அதே மாடிதான், ஆனால் பூட்டியிருக்கும். சாவி தரைத்தளத்தில், காவலர் மேசையில். சாவிக்கு ஒரு புத்தகம். பெயர், நேரம், காரணம் என்று மூன்று கட்டம்.

முதல் நாள் காரணக் கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். "பெட்டி வைக்க." "பெட்டி எடுக்க." "கிறிஸ்துமஸ் மரம்." "மடக்கு நாற்காலி 6." அந்தப் பக்கம் முழுவதிலும் கழிவறையைக் கழிவறையாகப் பயன்படுத்தப் போகிற ஒரே ஆள் நான்தான். நேப்பாளக் காவலர் பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை" என்று எழுதினேன். இரண்டு ஆண்டுகள் அதையே எழுதினேன்.

மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டேன். அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

பழைய தொழிற்சங்கக்காரர்:

தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு வார்த்தை. வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது, சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் வேலை வாய்ப்பு உரிமையையும் பேசுகிறது. 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் நம் மலேசியா ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை. பாகுபாடு காட்டியவருக்கு இவ்வளவு அபராதம் என்று ஒரு வரி கிடையாது. கூட்டரசு அரசமைப்பின் 8(2)ஆம் பிரிவைப் பாருங்கள். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்று வரிசையாக வரும். 2001இல் பாலினத்தைச் சேர்த்தார்கள். உடற்குறை இன்னும் சேரவில்லை. அரசுப் பணியில் 1 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது கொள்கைதான், தனியாரை அது கட்டுப்படுத்தாது.

ஆகவே வேலைச் சட்டத்தைப் பிடியுங்கள். 2023 ஜனவரி முதல் திருத்தம் நடப்பில் இருக்கிறது. 60P பிரிவின் கீழ் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். 69எஃப் பிரிவில் பாகுபாட்டுப் புகார் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரிடம் போகும். தங்கை அந்தச் சாவிப் புத்தகத்தைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். தம்பி சங்கோடு மின்னும் எச்சரிக்கை விளக்கு கேட்டு எழுதியிருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத புலம்பல் காற்றோடு போய்விடும்.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்தது. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007இல் தொடங்கியது, அதன் வழியாகத் திரும்பினேன். கதவருகே ஒரு நாற்காலி போட்டு "ஓய்வாக இருங்கள்" என்றார்கள். நான்கு மாதம் ஒரு காகிதம்கூட என் மேசைக்கு வரவில்லை. தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் போனேன்.

செந்தூல் பெண்:

அண்ணே, கழிவறைக்குப் போகிறவள் கைப்பேசியை எடுத்துப் புத்தகத்தைப் படம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? நீங்கள் மேலே எழுதிய அத்தனை பிரிவுகளையும் விட அந்தக் கடைசி நான்கு வரிதான் எனக்கு உறைத்தது. அந்த நான்கு மாதமும் 69எஃப் எங்கே போயிருந்தது?

பழைய தொழிற்சங்கக்காரர்:

அப்போது அந்தப் பிரிவு இல்லை அம்மா. இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:

பார்வை இல்லாதவன். பார்வையற்றோர் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிற இடம் என்பதால், பிரிக்பீல்ட்ஸ் என்றதும் நானும் அந்தத் தொழில்தானா என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் தொழில்மீது மரியாதை உண்டு, ஆனால் நான் வாடிக்கையாளர் சேவையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் வேலை. அதற்குக் காசு கிடையாது, நிறுவனம் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யவில்லை.

ஒரு திங்கட்கிழமை புதிய மென்பொருளுக்கு மாறினோம். காதில் கருவியை மாட்டினேன், முதல் அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு பாட்டி, பில்லைப் பற்றிக் கேட்கிறார். நான் டேப் விசையை அழுத்துகிறேன். ஒரு காதில் பாட்டி, இன்னொரு காதில் "பட்டன்". மறுபடி அழுத்தினால் "பட்டன்". அடுத்து "பட்டன்". படம் வரைந்த பொத்தான்களுக்குப் பெயர் எழுத மறந்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அச்சுப்பொறி, பூதக்கண்ணாடி, குப்பைத்தொட்டி. எனக்குப் பதினேழு பட்டன். பாட்டி, "இருக்கிறீர்களா தம்பி?" என்றார். எதை அழுத்தினால் அவர் கணக்கு அழிந்துவிடுமோ என்று விரலை எடுத்துவிட்டேன்.

இரவெல்லாம் உட்கார்ந்து பதினான்காவது பட்டன்தான் "சேமி" என்று மனப்பாடம் செய்தேன். இரண்டு வாரத்தில் மேம்பாடு என்று ஒன்று வந்தது, பதினான்காவது எங்கேயோ ஓடிவிட்டது. பெயர் எழுத ஒரு நிரலருக்கு அரை நாள் போதும் என்று ஐடி தம்பியே சொன்னார், ஆனால் "வரிசையில் இருக்கிறது". டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். பட்டனைப் பற்றிக் கேட்டேன். கைதட்டினார்கள்.

மனிதவளத்தில் இருப்பவள்:

எல்லாரும் நிறுவனத்தையே சாடுகிறீர்கள். நாங்கள் விளம்பரத்தில் "மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டால் யாரும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதைச் சண்டைக்காக எழுதவில்லை. இப்படித்தான் மேலிடத்துக்கும் அறிக்கை கொடுத்துவந்தேன்.

போன ஆண்டு பழைய கோப்புகளை ஒழித்தேன். ஒரு விண்ணப்பத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில், "மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை, ஆர்வம் இல்லை" என்று இருந்தது. கணக்கியல் பட்டதாரி. நல்ல மதிப்பெண். முதல் பக்கத்திலேயே தொலைபேசி எண்ணுக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "எனக்குக் காது கேட்காது. தயவுசெய்து வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளவும்."

அந்த எண்ணைத்தான் நான் அழைத்தேன். மூன்று முறை.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:

யாரும் வருவதில்லை என்று மேலிடத்துக்கு எழுதினீர்களே, அந்த அறிக்கையைத் திருத்தினீர்களா?

மனிதவளத்தில் இருப்பவள்:

இல்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீல நிறக் குறி விழுந்தது. பதில் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை.

பாயான் லைன் லீடர்:

தொழிற்சங்க அண்ணன் கேட்டதற்குப் பதில். விளக்கு கேட்டு எழுதினேன், கிடைத்தது. சங்கோடு சேர்ந்து சிவப்பாக மின்னும். பொருத்த வந்த ஆள் வழியைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு மேலே பொருத்திவிட்டுப் போனார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருப்பவருக்கு வாசல் முதுகுப் பக்கம். மேசையைத் திருப்பலாம் என்றால் மின்கம்பி எட்டாது என்கிறார்கள். சட்டைப் பையில் அதிரும் கருவி ஒன்று இருக்கிறதாம், தூசி புகாத சுத்த அறைக்குள் கொண்டுபோக அனுமதி கேட்டிருக்கிறேன்.

அதுவரை நானும் அந்த அக்காவும் முறை வைத்துக்கொண்டோம், சங்கு ஊதினால் முதலில் அவரைத் தட்டுவது என்று. பட்டியலில் எழுதி ஒட்டியும் இருக்கிறது. போன வாரம் அவரை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் பகல் ஷிப்டு.