வீடு காலி செய்கிறோம், தரைக்காக 45,000 பிடிப்பேன் என்கிறார் வீட்டுக்கார அம்மா. எது எங்கள் பொறுப்பு?

புதுவண்ணாரப்பேட்டை வாடகைதாரர்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். தரைத்தளம், ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. வாடகை 11,000, அட்வான்ஸ் 80,000. வந்த புதிதில் இருபது ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டோம். அதற்கப்புறம் வாய்ப்பேச்சுதான்.

போன வாரம் வீட்டுக்கார அம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “தரை முழுக்கப் பாழாகிவிட்டது, ஹாலும் ரூமும் புதுசா டைல்ஸ் போடணும், 45,000 பிடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு நானும் என் வீட்டுக்காரரும் தூங்கவே இல்லை. புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸே இந்தப் பணத்தில்தான் வரவேண்டும்.

தரையின் நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன்.

ஹாலில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ். 2011-இல் போட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். போன கோடையில் ஒரு மதியம் டமார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நடு ஹாலில் நாலு டைல்ஸ் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கூரை மாதிரி எழும்பி நிற்கிறது. அன்றைக்கே அவருக்குப் போன் செய்து சொன்னோம். “அப்புறம் பார்க்கலாம்” என்றார். இன்றுவரை மேலே பலகை போட்டுத்தான் நடக்கிறோம்.

வாசல் பக்கம் ஒரு டைல் உடைந்திருக்கிறது. அது எங்களால் ஆனது. கிரைண்டர் குழவியைக் கழுவி எடுத்து வரும்போது என் கை வழுக்கிவிட்டது.

ரூமில் பழைய காவித் தரை. நிலைப்படி அருகிலும் கட்டில் ஓரத்திலும் சிவப்பு போய் சிமெண்ட் சாம்பல் நிறம் தெரிகிறது. சமையலறை மொசைக்கில் சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வட்டம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் வீட்டுக்குள் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நியாயமாக நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

கொருக்குப்பேட்டைக்காரன்

அக்கா, எங்களுக்கும் இதே கதைதான். 18,000 பிடித்தார்கள். சண்டை வேண்டாம் என்று வந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து கேஸ் புத்தகம் வாங்கப் போனபோது புதுக் குடித்தனம் அதே தரைமேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரு கல்கூட மாற்றவில்லை. பணம் போனதைவிட அதுதான் வலித்தது. கேட்காமல் விடாதீர்கள்.

தண்டையார்பேட்டை

எதற்குப் பேச்சு? வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸ் கழியும்வரை அங்கேயே இருந்துவிடுங்கள்.

மணலி டைல்ஸ் மேஸ்திரி

ஆசிட் வேண்டாம்மா. முதலில் அதை நிறுத்துங்கள். மொசைக் என்பது சிமெண்டும் பளிங்குக்கல் பொடிசும் கலந்தது. ஆசிட் பட்டால் நுரைத்து மேல்பூச்சையே தின்றுவிடும். துரு போகும், கூடவே பளபளப்பும் போகும். துரு வட்டம் இருந்த இடத்தில் சொரசொரப்பான வெள்ளை வட்டம் நிற்கும். எலுமிச்சம்பழம்கூடத் தேய்க்காதீர்கள். மொசைக் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டால் கல் வைத்துத் தேய்த்து, கடைசிக் கையில் ஆக்ஸாலிக் பொடி போட்டு எடுத்துவிடுவார். சின்ன வேலைதான்.

இப்போது ஹால். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எழும்பின டைல்ஸ் நூறு பார்த்திருப்பேன். மேலேயிருந்து அடி விழுந்தால் டைல் உடையும். பாரம் வைத்தால் அமுங்கி விரிசல் விடும். குடியிருப்பவர் நடப்பதாலோ சாமான் வைப்பதாலோ டைல்ஸ் மேலே எழும்பாது. எழும்புகிறது என்றால் கீழே பிடிப்பு இல்லை, பக்கத்தில் இடமும் இல்லை.

விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது, அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வெறும் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் அதற்குப் பிடிமானம் போதாது, டைல்ஸ் ஒட்டும் பசை போட வேண்டும். அந்தக் காலத்தில் நிறைய இடத்தில் சிமெண்டிலேயே ஒட்டினோம், நானும்தான். அதோடு அழகாக இருக்கிறது என்று இடைவெளியே விடாமல் கல்லோடு கல் சேர்த்து, சுவர் ஓரத்திலும் இறுக்கிப் போட்டிருப்பார்கள். வெயிலில் தரை விரியும்போது போக இடமில்லாமல் பிடிப்பு விட்ட இடத்தில் கூரை கட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளத் தண்ணீர் அடியில் இறங்கியிருந்தால் பிடிப்பு இன்னும் சீக்கிரம் விடும்.

ஒரு வேலை செய்யுங்கள். எழும்பின டைலில் ஒன்றை மெதுவாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா, சிமெண்ட் அப்பிக்கொண்டிருக்கிறதா என்று போட்டோ போடுங்கள். மற்ற டைல்ஸையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சத்தம் அடங்கி வரும். பொள்ளல் என்றால் பானையைத் தட்டினாற்போல் வரும்.

புதுவண்ணாரப்பேட்டை வாடகைதாரர்

அண்ணா, ரொம்ப நன்றி. இப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். பின்பக்கம் துடைத்து வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. கட்டம் கட்டமாக அச்சு, நடுவில் கம்பெனி பெயர், எல்லாம் அப்படியே படிக்க முடிகிறது. ஒரு மூலையில் மட்டும் எட்டணா அளவுக்குச் சிமெண்ட். அடியில் இருந்த கலவையை விரலால் தேய்த்தால் மணலாக உதிர்கிறது. மொத்தம் முப்பது டைல்ஸில் பதினொன்று பானை சத்தம் போடுகிறது.

மணலி டைல்ஸ் மேஸ்திரி

அந்த போட்டோ ஒன்று போதும்மா. இது போட்ட கையின் தப்பு, நீங்கள் நடந்த காலின் தப்பு இல்லை. வாசல் டைலைப் பாருங்கள், குழவி விழுந்த இடத்தில் பொடிந்த புள்ளியும் அதிலிருந்து சுற்றிலும் கோடும் இருக்கும். அது அடிபட்டது. அது உங்கள் கணக்கு.

பெரம்பூர், வக்கீல் அலுவலகக் குமாஸ்தா

சகோதரிக்கு, முதலில் தண்டையார்பேட்டை நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். வாடகையை நிறுத்தினால் இதுவரை உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

வாடகைதாரரின் கடமையை 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவே சொல்லியிருக்கிறது. வீட்டை வாங்கின நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் அதில் சேராது. நம் ஊர் வீடுகளுக்கு இந்த இரண்டாவது சொல் ரொம்ப முக்கியம். வியாசர்பாடி, கொடுங்கையூர், எண்ணூர் என்று வெள்ளம் புகுந்த வீட்டின் தரைக்குக் குடியிருந்தவர் எப்படிப் பொறுப்பாவார்?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இதையே சொல்கிறது, வழக்கமான தேய்மானம் விலக்கு. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு அட்டவணையே இருக்கிறது. கட்டமைப்புப் பழுதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை குடியிருப்பவர் பக்கம். உங்களால் சேதமானது உங்கள் பொறுப்பு. அட்வான்ஸில் உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

சட்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போய் முதல் பேச்சே பேச வேண்டாம். ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: எது உங்களால் ஆனது, எது ஆகவில்லை, டைல் பின்பக்க போட்டோ, வெள்ளத்தன்று எடுத்த போட்டோ, டைல்ஸ் எழும்பினதை அவரிடம் சொன்ன தேதி. வாட்ஸப்பில் அனுப்பி, அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். 45,000 எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தத் தொகை சொல்லும்போது வரும் தைரியம், பிரித்து எழுதும்போது பல பேருக்கு வராது.

அப்படியும் சரிவரவில்லை என்றால் உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்கு போடுவதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அக்ரிமென்டில் பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

புதுவண்ணாரப்பேட்டை வாடகைதாரர்

காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று எழுதியிருக்கிறது சார். அதற்கு நாங்கள் ஒத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டோம்.

ராயபுரம் வீட்டுக்காரர்

நான் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருப்பவன். எங்கள் பக்கமும் கேளுங்கள் அம்மா.

நடந்து தேய்ந்த தரைக்கு நான் ஒரு பைசா பிடித்ததில்லை. அதற்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்குகிறோம். ஆனால் ஒருவர் என் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் தரையில் ஓட்டை போட்டு மெஷினை போல்ட் வைத்து இறுக்கினார். இன்னொருவர் வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுவதை எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்குச் சொல்லவில்லை. கீழ்வீட்டுச் சீலிங் ஊறி விழுந்த பிறகுதான் தெரிந்தது. இதற்கெல்லாம் பிடிக்கத்தான் செய்தேன். பார்த்தும் சொல்லாமல் விட்டால் அதுவும் சேதம் செய்ததுதான். நீங்கள் போன் செய்து சொல்லியிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை.

காவித் தரைக்குப் பதில் டைல்ஸ் போட 45,000-இல் பங்கு கேட்பது தப்பு. பழைய பொருள் தேய்ந்ததற்குப் புதுப்பொருள் வாங்கித் தரச் சொல்கிற கணக்கு அது. அந்தத் தரை உங்களுக்கு முன்னால் எத்தனை குடித்தனம் பார்த்ததோ. கடல் காற்று, உப்புத் தண்ணீர் உள்ள நம் பக்கத்தில் காவித் தரை உப்புப் பூத்து வெளுப்பதும் சகஜம்.

வாசல் டைலுக்கு ஒரு யோசனை. 2011 டிசைன் இப்போது கடையில் கிடைக்காது, அதைக் காரணம் காட்டித்தான் ஹால் முழுக்க மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள். டைல்ஸ் போடும்போது எல்லாரும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்குவோம். பரணிலோ மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் அடியிலோ மிச்சம் இருக்கும். அதை முதலில் தேடுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை வாடகைதாரர்

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. மாடிப்படிக்குக் கீழே சாக்குப்பைக்குள் இரண்டு டைல்ஸ் இருந்தது. அழுக்கைக் கழுவினதும் ஹாலில் உள்ள அதே கோதுமை நிறம், அதே நரம்பு. ஒன்று போதும் எங்களுக்கு.

குமாஸ்தா சார் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் வீட்டுக்கார அம்மா அவர் தம்பியோடும் ஒரு மேஸ்திரியோடும் வந்தார். நான் எதுவும் பேசவில்லை, எடுத்து வைத்திருந்த டைலைத் திருப்பி அந்த மேஸ்திரி கையில் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, “ஒட்டவே இல்லைம்மா இது” என்று வீட்டுக்கார அம்மாவிடமே சொன்னார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. 2011-இல் நகையை அடகு வைத்துப் போட்ட தரை என்று சொல்லிக் கண் கலங்கினார். அதைக் கேட்டதும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவரையும் ஏமாற்றித்தான் வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உட்கார்ந்து பேசினோம். வாசல் டைல் மாற்றும் கூலியும் சமையலறைத் துருவுக்குப் பாலிஷும் சேர்த்து 4,000 எங்கள் கணக்கு. பெயிண்டிங் 11,000. எழும்பின டைல்ஸும் காவித் தரையும் அவர் பொறுப்பு. மீதி 65,000, சாவி கொடுக்கும் அன்று பாதி, பதினைந்து நாளில் பாதி. ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கொருக்குப்பேட்டைக்காரன்

ரொம்ப சந்தோஷம் அக்கா.

மணலி டைல்ஸ் மேஸ்திரி

நல்லதும்மா. போகிற வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால், காலி தரையில் கட்டையால் ஒரு சுற்று தட்டிப் பாருங்கள். பொள்ளல் உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து, அன்றைக்கே புது ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை வாடகைதாரர்

நேற்று சாவி கொடுத்தோம், முதல் பாதி பணம் வந்துவிட்டது அண்ணா. இன்று காலை திருவொற்றியூர் வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே என் பையனை விட்டுத் தட்டச் சொன்னேன். சமையலறை வாசலில் இரண்டு டைல்ஸ் பானை சத்தம். வட்டம் போட்டு அனுப்பினேன். “பார்த்தேன், அது முன்னாலிருந்தே அப்படித்தான்” என்று ஓனர் பதில் போட்டிருக்கிறார்.