ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் போதுமா?

வகுப்பாசிரியன்: அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் எல்லாரோடும் சேர்ந்துதான் படிக்கணும்னு சொல்றவங்க ஒரு நாள் வகுப்புக்கு வந்து பாருங்க. நான் பின்னம் நடத்துறேன். அந்தப் பையனுக்குப் பத்து வரைக்கும் எண்ணவே இன்னும் வரல. பீரியட் முழுக்க நோட்டுல கோடு கிறுக்கிட்டு இருக்கான். சிறப்புப் பள்ளியா இருந்தா அவனுக்கு ஏத்த பாடம் நடந்திருக்கும்.

தேன்மொழி (இப்படி ஒரு பையனோட அம்மா): அவனைக் கிறுக்க விட்டது யார் சார்? ஒரு காகிதத்தைக் கொடுத்து சரிபாதியா மடிக்கச் சொல்லுங்க, அரை எதுன்னு தொட்டுக் காட்டச் சொல்லுங்க. பாடம் அதேதான், அவன்கிட்ட எதிர்பார்க்கிறதுதான் வேற. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏத்த மாதிரி தனிநபர் கல்வித் திட்டம் போடுறதே இதுக்குத்தானே. எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில சேர்ந்து படிக்கணும்னு 1994-ல ஸ்பெயின்ல நடந்த மாநாட்டோட சாலமன்கா அறிக்கையில 92 அரசுகள் ஒத்துக்கிட்ட விஷயம் இது!

வகுப்பாசிரியன்: ஒத்துக்கிட்டவங்க யாரும் வந்து காகிதம் மடிக்கல. அந்த நேரம் மத்த பிள்ளைகளை யார் பார்க்கிறது?

சிறப்பாசிரியை: சார் கேக்குறது நியாயம். இத்தாலியில 1977-லேயே 517-ஆம் எண் சட்டம் வந்துச்சு. சிறப்பு வகுப்புகளை எடுத்துட்டு, இப்படி ஒரு மாணவர் இருக்கிற வகுப்புல 20 பேருக்கு மேல கூடாதுன்னாங்க. அங்க துணை ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு மட்டுமில்ல, மொத்த வகுப்புக்கும் ஆசிரியர்.

நான் பார்த்த வரைக்கும் பல பள்ளிகள்ல, ஒரு உதவியாளரைப் பிள்ளை பக்கத்துல ஒட்ட வச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு விட்டுடறாங்க. பக்கத்துப் பையன் ரப்பர் கேக்கணும்னாலும் அந்த அக்காகிட்டதான் கேக்குறான், பிள்ளைகிட்ட இல்ல. இதுக்குப் பேர் சேர்ப்பா?

தேன்மொழி, உங்களுக்கும் ஒண்ணு: பதினாலு வயசுப் பிள்ளைக்கு மன்னர் வரிசை முக்கியமா, சில்லறை எண்ணிக் கொடுக்கிறது முக்கியமா? இதைச் சிறப்புப் பள்ளி பொறுமையா சொல்லித் தரும்.

தேன்மொழி: சில்லறை எண்ணுறதை யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா யார் கையில கொடுக்கப் போறான்? அவனை மாதிரி பிள்ளைகளையே பார்த்து வளர்ந்தவனுக்குக் கடைக்காரர்கிட்ட பேச எங்கிருந்து வரும்? என் பையன் ‘எனக்கும் கொடு’ன்னு கேக்கப் பழகினது தெரபியில இல்ல, கூடப் படிக்கிற பசங்களோட சண்டை போட்டுத்தான்.

வகுப்பாசிரியன்: அதே பசங்க கேலி பண்றதையும் நான் தினம் பார்க்கிறேன். சரி, வகுப்புக்கு 20 பேர், கூட ஒரு ஆசிரியர்னு எழுதிக் கொடுக்கட்டும். நாளைக்கே சேர்த்துக்கிறேன்.

தேன்மொழி: எழுதிக் கொடுக்கிற வரைக்கும் எங்க பிள்ளைங்க வயசு நிக்குமா சார்?