கழுகு, ஆமை, ஈடிபஸ்: விடுதி அரட்டையில் கிடைத்தவை

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன் விலங்கியல் மாணவன். ஒருநாள் இரவு, மறுநாள் எனக்கு கிரேக்க நாடகத் தேர்வு. மொட்டை மாடியில் அவனுக்குக் கதை சொல்கிற சாக்கில் பாடத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேக்க நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ் எப்படிச் செத்தார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். கி.மு. 456 வாக்கில், சிசிலித் தீவின் ஜெலா நகரம். வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலையைப் பாறை என்று நினைத்து, ஒரு கழுகு மேலிருந்து ஆமையைப் போட்டுவிட்டதாம்.

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "கழுகு அப்படித்தான்டா செய்யும்" என்றான். கிரீஸ், பல்கேரியா பக்கம் இருக்கிற கோல்டன் ஈகிளுக்கு ஆமை முக்கியமான இரையாம். ஆமையின் ஓட்டை அலகால் உடைக்க முடியாது. அதனால் உயரே தூக்கிப் போய்ப் பாறைமேல் போடுமாம். நான் வெறும் கட்டுக்கதை என்று நினைத்திருந்ததில் பாதி, பறவையின் அன்றாட வேலை!

"சரி, அந்த ஆள் ஏன் வெட்டவெளியில போய் உட்கார்ந்தார்?" என்று கேட்டான். அதற்குப் பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு காரணம் எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஏதோ விழுந்து சாவாய் என்று குறி சொல்லியிருந்தார்களாம். கூரைக்குக் கீழே இருந்தால்தானே விழும் என்று வெளியே போயிருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "டேய், இது நீ நேத்து சொன்ன ஈடிபஸ் கதைதானே? அப்பாவைக் கொல்லுவ, அம்மாவைக் கட்டிக்குவன்னு சொன்ன குறியிலேருந்து தப்பிக்க ஓடுற வழியிலேயே போய் மாட்டுறான்."

ஒரு வாரமாக நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த 'பெரிபெட்டியா', அதாவது நாடகத்தில் நிலைமை சட்டென்று தலைகீழாவது, அந்த நிமிடம்தான் உள்ளே இறங்கியது. அரிஸ்டாட்டில் அதற்குச் சொல்கிற உதாரணமே ஈடிபஸ் நாடகத்தில் வரும் கொரிந்துத் தூதன்தான். ஈடிபஸின் பயத்தைப் போக்க வந்தவன், அவன் யார் மகன் என்ற உண்மைக்கு வாயைத் திறந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறான். கழுகுக் கதையைப் பிளினி எழுதியது ஈஸ்கிலஸ் இறந்து ஐந்து நூற்றாண்டு கழித்து, யாரோ கட்டியதாகத்தான் இருக்கும். ஆனால் கட்டியவருக்கு துன்பியல் நாடகத்தின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. நண்பனுக்கும் அது சட்டென்று பிடிபட்டது. அவன் ஒரு நாடகம்கூடப் படித்ததில்லை.

*

மேலே கழுகு பற்றி எழுதியவருக்கு: என்னிடமும் ஒரு கழுகுக் கதை இருக்கிறது, கிரேக்கப் புராணத்தில் வரும் ப்ரொமிதியஸுடையது. நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்ததற்காக அவரைப் பாறையில் கட்டிப்போட்டார்கள். கழுகு வந்து ஈரலைத் தின்னும். பகலில் தின்றது இரவில் வளர்ந்துவிடும் என்கிறார் பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட்.

நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, இலக்கியம் படித்த என் தோழி இதைச் சொன்னாள். ஈரல் உண்மையிலேயே வளரும்டி என்றேன். நம்பவே மாட்டேன் என்றாள். அப்போதுதான் எங்கள் அண்ணன் அப்பாவுக்கு ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார். சில மாதங்களில் அண்ணனின் ஈரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டது. வெட்டிய பகுதி திரும்ப முளைப்பதில்லை, மிச்சம் இருப்பது பெருத்து அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இதை அவளுக்கு நோட்டில் படம் போட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்ப வளர்றதுதான் தண்டனை. தீர்ந்துபோயிருந்தா வேதனையும் தீர்ந்திருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஈரல் வளர்ந்ததைச் சாமிக்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். ப்ரொமிதியஸ் பற்றிய கிரேக்க நாடகத்தை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

*

எனக்கு ஈடிபஸ் 2020இல், ஊரடங்கில், கைபேசி வழியாகப் பாடமானது. ஈடிபஸ் ஆளும் தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய், பயிர் கருகுகிறது, கால்நடை சாகிறது, மக்கள் அரண்மனை வாசலில் வந்து கெஞ்சுகிறார்கள் என்று ஆசிரியை வாசித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை.

அன்று இரவு நுண்ணுயிரியல் படிக்கும் என் சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். இந்த நாடகம் அரங்கேறிய ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 430இல் உண்மையாகவே கொள்ளைநோய் வந்தது என்றும் சொன்னேன். என்ன நோய் என்று கேட்டாள். அதை இன்றுவரை அறிஞர்கள் முடிவாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் அந்த நோயில் விழுந்து பிழைத்தவர். அவர் எழுதியதில் ஓர் இடத்தைப் படித்துக் காட்டினேன்: நோயாளிகளிடம் அதிகம் இரக்கம் காட்டியவர்கள் பிழைத்து எழுந்தவர்கள்தான், ஏனென்றால் இரண்டாம் முறை அந்த நோய் யாரையும் கொல்லவில்லை.

"அக்கா, இது இம்யூனிட்டி. கிருமின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத காலத்துல பார்த்து எழுதியிருக்காரே!" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பாள். அவளுக்கு அப்போதுதான் கொரோனா வந்து குணமாகியிருந்தது. மறுநாள் காலையில், தனிமைப்படுத்தப்பட்டிருந்த எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு முகக்கவசத்தோடு அவள்தான் போனாள். யாரும் சொல்லவில்லை.