கேடிசி நகரில் பழைய வீடு வாங்கப் போறோம், கொஞ்சம் வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். பாளையங்கோட்டையில 11 வருசமா வாடகை வீடு. இப்பதான் கேடிசி நகர்ல ஒரு பழைய வீடு அமைஞ்சிருக்கு. விலை 38 லட்சம்னு பேசி, 50,000 அட்வான்ஸும் குடுத்தாச்சு (அவசரப்பட்டுட்டோமோன்னு இப்ப தோணுது).

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3,42,000 ரூவா. அதுக்குத் தயாராத்தான் இருந்தோம். இப்ப புரோக்கர் ரெண்டு சதவீதம் கேக்காரு. பேசும்போது ஒண்ணுன்னாரு. பத்திரம் எழுதுதவர் தன் கூலி போக "ஆபீஸ் செலவு"ன்னு 15,000 தனியா சொல்லுதாரு. எதுக்குன்னு கேட்டா சிரிக்காரு, ரசீதும் கிடையாதாம். பேங்க்ல பிராசசிங், லீகல், மதிப்பீடுன்னு தனிக்கணக்கு.

பணத்தைவிட பயம் வேற. பட்டா இன்னும் விக்கிறவரோட தாத்தா பேர்லயே கெடக்கு. தாத்தா உயில் எழுதலையாம். அத்தைமார் ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க. அவங்க கையெழுத்து வேண்டாம்னு புரோக்கர் அடிச்சுச் சொல்லுதாரு. அவர் காட்டுத வக்கீலும் அதையேதான் சொல்லுதாரு. ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில உக்காந்திருக்கிற ஆளுங்க, நான் எப்படி நம்ப? வில்லங்கச் சான்றும் 13 வருசத்துக்குத்தான் எடுத்துக் குடுத்திருக்காரு. நான் 30 வருசத்துக்குக் கேட்டிருக்கேன்.

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் புரோக்கர் சங்காத்தமில்லாம மூலப்பத்திரம் பார்த்து எழுத்துல கருத்து தர்ற சிவில் வக்கீல் யாரும் தெரியுமா? நீங்களே போய்ப் பார்த்த ஆளா இருக்கணும். எவ்வளவு வாங்குனாங்கன்னும் சொல்லுங்க. அந்த 15,000-ஐக் குடுக்க மாட்டேன்னு நின்னு பத்திரம் முடிச்சவங்க இருந்தா, எப்படிச் சமாளிச்சீங்க? வர்ற வெள்ளிக்கிழமை மீதி அட்வான்ஸ் கேக்காங்க.