மீமுரே போவோருக்கு: பாதை, அட்டை, மழை

மீமுரே, நக்கிள்ஸ் மலைகளுக்குள் இருக்கும் ஒரு கிராமம். கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய வரை எந்த வண்டியும் போகும். அங்கே இடப்பக்கம் லூல்வத்தைக்குத் திரும்பிய பிறகுதான் வேலையே. முப்பது கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனாலும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வெள்ளனவே கிளம்பினால் நல்லது. பின்னேரம் கோர்பெட்ஸ் கெப் என்ற மலைக் கணவாயில் மூடுபனி இறங்கினால் எதிரே வருவது தெரியாது, ஒதுங்கவும் இடமில்லை.

கெப்பைத் தாண்டியதும் இறக்கம். முதலாம், இரண்டாம் கியரிலேயே இறக்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்; சூட்டோடு தண்ணீர் ஊற்றக்கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டியில் எஞ்சின் பிடிப்பு போதாது, அதை எடுத்துப்போகவே வேண்டாம். தாழ்ந்த காரென்றால் ஹுன்னஸ்கிரியவில் விட்டுவிட்டு ஜீப் பேசிக்கொள்ளுங்கள். பெற்றோலும் கைக்காசும் மலையேறும் முன்பே எடுத்தாக வேண்டும்.

*

பாதை சரி. ஆளைத் திரும்பிப் போக வைப்பது இரத்தம் உறிஞ்சும் அட்டைதான். சாதாரண சொக்ஸின் இழை வழியே புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த அட்டை சொக்ஸை முழங்கால் வரை இழுத்து, காற்சட்டையின் மேலாகக் கட்டுங்கள். வெளிப்பக்கம் சவுக்காரத்தை நனைத்துத் தடவலாம். ஆற்றைக் கடந்தால் கழுவிப்போகும், மறுபடி தடவ வேண்டும்.

கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், புண்ணாகும். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து, தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது என்பதால் வெகுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும். ஏறும்போது கிளையைப் பார்த்துப் பிடியுங்கள், பச்சை விரியன் இலையோடு இலையாகக் கிடக்கும்.

*

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது மழை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை அந்தப் பக்கம் கொட்டும், தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலே முதல் கட்டம், 100 இரண்டாவது, 150 என்றால் வெளியேற வேண்டிய கட்டம். முதல் கட்டத்திலேயே பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் புத்தி. பாதை ஒன்றே ஒன்று. மண் விழுந்தால் ஊருக்குள்தான் இருக்க வேண்டும். மேலே பெய்தால், ஊரில் வெயில் அடித்தாலும் ஆறு திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள்.

அங்கே ஏறும் லக்கேகல மலை 1310 மீற்றர்தான், ஆனால் மேற்பகுதி வழுக்குப் பாறை. ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவர் ஈரமென்று மறுத்தால் கூடுதல் காசு கொடுத்து இழுக்காதீர்கள். தொலைபேசி சிக்னலை நம்ப முடியாது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவையுங்கள், பிந்தினால் ஆள் அனுப்புவார்கள். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.