ஷெர்ரி இனிப்பா, உவர்ப்பா? ஃபீனோ, ஒலோரோசோ வேறுபாடு குறித்து ஒரு கேள்வி

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, கிறிஸ்துமஸ் மாலையில் ஒரு சிறு கோப்பையில் ஷெர்ரி ஊற்றிக் கொடுப்பார். பழுப்பு நிறத்தில் பாகு போல இனித்த அந்த மதுவைத்தான் இதுநாள் வரை ஷெர்ரி என்று எண்ணியிருந்தேன். சென்ற மாதம் ஸ்பெயினின் செவில்லா நகரில் ஓர் உணவகத்தில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டபோது, வைக்கோல் நிறத்தில், குளிரக் குளிர, இனிப்பு துளியும் இல்லாமல் உப்புக்கரிப்புடன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டீர்களோ என்று கேட்டதற்கு, இதுதான் எங்கள் ஊர் ஷெர்ரி என்றார்கள். ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது? போர்ட், மதீரா ஆகியவையும் சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயின்கள்தாமே, அவற்றிலிருந்து இது எங்கே பிரிகிறது?

மறுமொழி 1

தாங்கள் குடித்த இரண்டுமே ஷெர்ரிதான். தங்கள் வீட்டு மூதாட்டி கொடுத்தது பெரும்பாலும் 'கிரீம்' வகையாக இருக்கும்; அது உலர் ஷெர்ரியுடன், அதாவது இனிப்பில்லாத ஷெர்ரியுடன், இனிப்பு ஒயினைக் கலந்து உருவாக்குவது. செவில்லாவில் கிடைத்தது ஃபீனோ அல்லது மன்சனீயா.

ஷெர்ரியின் வகைகளைப் பிரிப்பது சர்க்கரை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிரிப்பது காற்று. காதிஸ் மாகாணத்தில் ஹெரெஸ், சான்லூக்கார், எல் புவெர்த்தோ ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றி, அல்பரீசா எனப்படும் வெண்சுண்ண மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையின் சாறு முதலில் இனிப்பு தீரும்வரை முழுமையாக நொதிக்கிறது. சாராயம் அதன் பிறகுதான் சேர்கிறது. ஒயினின் ஆல்கஹால் அளவை 15 விழுக்காட்டுக்கு மட்டும் ஏற்றினால், பீப்பாயில் இருக்கும் ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு வெண்ணிற ஏடாகப் படர்கிறது. காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போலவே இருக்கும். ஸ்பானிய மொழியில் அதற்கு ஃப்ளோர், அதாவது பூ என்று பெயர். ஊறுகாயில் பூஞ்சணம் பூத்துவிட்டது என்று நாமும் அதே சொல்லைத்தானே ஆள்கிறோம்! அந்த ஏடு காற்றை ஒயினிடம் அண்டவிடாமல் தடுப்பதால் நிறம் வெளிறியே இருக்கிறது. கூடவே, ஒயினுக்கு வழவழப்பைத் தரும் கிளிசராலை அது தின்று தீர்த்து, அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளை விட்டுச் செல்கிறது. ஃபீனோவில் வீசும் பச்சைப் பாதாம் மணமும் புளித்த மாவின் வாசனையும் அதிலிருந்து வருபவைதாம்.

அந்த அளவை 17 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிவிட்டால் அந்த ஏடு பிழைக்காது. அப்போது ஒயின் ஆண்டுக்கணக்கில் காற்றோடு உறவாடிக் கருத்து, வால்நட் மணமேறி ஒலோரோசோ ஆகிறது. கிளிசரால் தின்னப்படாமல் இருப்பதால் அது நாக்கில் இனிப்பது போலத் தோன்றும், ஆனால் சர்க்கரை அநேகமாக இராது. பழுப்பு நிறத்தைக் கண்டவுடன் இனிப்பு என்று முடிவு செய்துவிடுவதால்தான் நல்ல ஒலோரோசோ பலரால் கவனிக்கப்படாமலே போகிறது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

மறுமொழி 2

மேலே சொன்னவர் இரு முனைகளையும் விளக்கிவிட்டார். என் மனத்துக்கு மிக நெருக்கமானவை இடையில் இருப்பவை. பல ஆண்டுகள் ஏட்டின் கீழ் ஃபீனோவாக வாழ்ந்து, ஏடு மறைந்த பிறகு காற்றில் முதிர்வதே அமோந்தியாதோ. ஏட்டின் கூர்மையும் காற்றின் முதிர்ச்சியும் ஒரே மிடறில் அடுத்தடுத்து வருவதை வேறு எந்த ஒயினிலும் நான் கண்டதில்லை. பாலோ கோர்த்தாதோ இன்னும் அரியது: மூக்குக்கு அமோந்தியாதோ போலவும் நாக்குக்கு ஒலோரோசோ போலவும் இருக்கும். ஃபீனோவுக்கு என்று ஒரு கோடு கிழித்து ஒதுக்கிய பீப்பாய் வேறு வழியில் திரும்பினால், சுண்ணக்கட்டியால் அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு வெட்டுவார்கள். 'வெட்டப்பட்ட கோடு' என்பதே அப்பெயரின் பொருள்.

குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூக்காரில் ஒரு பண்டகசாலைக்குச் சென்றிருக்கிறேன். வாயில் ஓரமாக நின்றபோதே ஈரச் சுவரும் ரொட்டி மாவும் கலந்த வாசனை வந்தது. மேலாளர் நீண்ட கம்பியின் நுனியில் சிறு குவளை பொருத்திய வெனென்சியாவைப் பீப்பாயின் வாயில் செங்குத்தாக இறக்கி, ஏடு அதிகம் கலையாதபடி சட்டென்று ஒரே மூச்சில் எடுத்து, தலைக்கு மேலிருந்து நூல் போலக் கோப்பையில் ஊற்றினார். கோப்பையில் வெண்துகள்கள் இரண்டு மூன்று மிதந்தன. பீப்பாயை நிரப்பாமல் ஆறில் ஒரு பங்கைக் காலியாக விடுவதே ஏடு படர இடம் வேண்டும் என்பதற்காகத்தான். அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றால் அங்கே ஏடு ஆண்டு முழுவதும் தடித்து இருக்கிறது. அதனால் அவ்வூரில் முதிர்ந்ததற்கு மட்டும் மன்சனீயா என்று தனிப்பெயர்.

போத்தலில் ஆண்டு குறிக்கப்படுவது அரிது, அதற்கும் காரணம் உண்டு. பீப்பாய் அடுக்குகளில் அடியடுக்கான சொலேராவிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அந்தக் குறையை மேலடுக்கிலிருந்து நிரப்பி, அதன் குறையை அதற்கும் மேலடுக்கிலிருந்து நிரப்பிக்கொண்டே போவார்கள். உறை மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பது போல, பழையதின் குணம் புதியதில் ஏறிக்கொண்டே இருக்கும்.

மறுமொழி 3

போர்ட் பற்றிய கேள்விக்கு வருகிறேன். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 விழுக்காடு வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். மீதமுள்ள திராட்சைச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுவதால் போர்ட் இயல்பிலேயே இனிக்கிறது. ஷெர்ரியில் நொதித்து முடிந்த பிறகு சாராயம் சேர்கிறது. வேறுபாட்டின் வேர் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. மதீராவைக் காற்றோடு வெப்பமும் சேர்ந்து செதுக்குகிறது: சூடேற்றிய தொட்டியிலோ, வெயில் காயும் மேல்மாடத்துப் பீப்பாயிலோ அது முதிர்கிறது. செர்சியால் என்ற வகை முதல் மால்ம்சி என்ற வகை வரை அதன் இனிப்பு படிப்படியாகக் கூடும்.

ஷெர்ரியிலும் இயல்பாக இனிப்பது ஒன்று உண்டு. பெத்ரோ ஹிமேனெஸ் திராட்சையைப் பாய்களில் பரப்பி வெயிலில் வற்றலாக்கிப் பிழிந்தது அது. லிட்டருக்கு 212 கிராம் சர்க்கரையாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. கருப்பட்டிப் பாகில் அத்திப்பழத்தை ஊறவைத்தது போன்ற கனம். கோர்தோபா மாகாணத்தின் மோந்தியா-மோரிலெஸ் பகுதியில் இதே திராட்சை, சாராயம் சேர்க்காமலே 15 விழுக்காட்டை எட்டி உலர்ந்த ஃபீனோவாகவும் ஆகிறது. எனவே வலுவூட்டுதல்தான் இச்சுவையின் உயிர் என்று சொல்லிவிட முடியாது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு போத்தல் ஃபீனோ வாங்கி வந்து, திறந்து, அலமாரியில் மூன்று வாரம் வைத்திருந்தேன். நேற்று ஊற்றிப் பார்த்தால் நிறம் மங்கி, பழைய ஆப்பிள் போல இருக்கிறது. பல ஆண்டு முதிர்ந்த ஒயின் மூன்று வாரத்தில் கெடுமா?

மறுமொழி 1

கெடும். அந்த ஒயின் தன் வாழ்நாள் முழுவதும் ஏட்டின் காப்பில் இருந்தது. போத்தலில் அந்தக் காப்பு இல்லை. ஃபீனோ, மன்சனீயா இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, திறந்த ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இயன்றால் அரைப் போத்தலாக வாங்குங்கள். ஏற்கெனவே காற்றில் பழகிய ஒலோரோசோ ஒன்றிரண்டு மாதம் தாங்கும். பெத்ரோ ஹிமேனெஸ் இன்னும் நெடுநாள் இருக்கும். அடுத்த முறை ஃபீனோவைச் சிறு கோப்பையில் அல்லாமல், வெள்ளை ஒயின் குடிக்கும் அகலக் கோப்பையில், 7 முதல் 9 பாகைக் குளிர்ச்சியில், பொரித்த மீனுடனோ உப்பிட்ட பாதாமுடனோ குடித்துப் பாருங்கள். மங்கிய அந்த மீதத்தை வீணாக்க வேண்டாம். நண்டு, இறால் வதக்கும்போது கடைசியில் ஒரு கரண்டி ஊற்றலாம்.