புதுப்பிப்பு: ராயபுரம் இப்போது திசை மாறாமல் நிற்கிறது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் எடுத்த ராயபுரம், காசிமேடு தெருக்களை மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான மாட் (mod, கூடுதல் தொகுப்பு) ஒன்றுக்கு மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்டில் ஊரே வடக்கு தெற்காகப் புரண்டு வருகிறது என்று போன முறை கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. அட்சரேகை வடக்கே போகப் போகக் கூடும். விளையாட்டில் வடக்கு தெற்கைக் குறிக்கும் இசட் அச்சோ தெற்கே போனால்தான் கூடும். வடக்குத் தூரத்துக்குக் கழித்தல் குறி போட்டதும் கடல் கிழக்கிலேயே இருக்க, காசிமேடு ராயபுரத்துக்கு வடக்கே வந்துவிட்டது.

அப்புறம், இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கப் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறையில் நம் 13 டிகிரியில் தூரங்கள் சுமார் 2.7 சதவீதம் நீளும். விளையாட்டின் ஒரு கட்டை ஒரு மீட்டர் என்றால் இது பெரிய பிசகு. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில், நம் ஊர் வரும் 44 வடக்கு மண்டலத்துக்கு மாறுங்கள். அதில் எண்கள் லட்சங்களில் வரும். அதனால் 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை மூலப்புள்ளியாக (0, 0) வைத்து, அதன் எண்களை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டேன். அந்த நிலையம்தான் நடுவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட. அதன் தூண்களை மட்டும் கையால் கட்டப் போகிறேன்.